வெளிநாட்டில் குடியேறிய பின் கார் ஓட்டுதல்: சர்வதேச அனுமதியும் அலுவலகக் காப்பீடும் போதுமா?

புதுக்குடி (கேள்வி):

வணக்கம். பணி நிமித்தமாகக் குடும்பத்தோடு வேறொரு நாட்டுக்கு இடம்பெயர்கிறோம். குறைந்தது மூன்று ஆண்டுகளாவது அங்கே இருக்க வேண்டிவரும். நானும் என் மனைவியும் நெடுங்காலமாகக் கார் ஓட்டி வருகிறோம். இருவருமே ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கி வைத்திருக்கிறோம். அலுவலகம் எனக்கு ஒரு கார் தருவதாகவும், அதற்கான காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறது. எனவே முதல் ஆண்டு கவலையில்லை, அதன்பின் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டால் போதும் என்று எண்ணியிருந்தோம்.

ஆனால் உடன் பணியாற்றும் ஒருவர், குடியிருப்பு அட்டை கைக்கு வந்த பிறகு அந்த அனுமதி நீண்ட நாள் செல்லாது என்றும், செல்லாத அனுமதியோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிடும் என்றும் சொல்கிறார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது பெரும்பாலும் என் மனைவியாகத்தான் இருக்கும் என்பதால், இது எங்களுக்கு முக்கியமான கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவழி (பதில்):

உங்கள் சக ஊழியர் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது தனியொரு உரிமம் அன்று. உங்கள் சொந்த நாட்டு உரிமத்தில் உள்ள விவரங்களைப் பல மொழிகளில் பெயர்த்துத் தரும், சாம்பல் நிற அட்டை போட்ட சிறு கையேடு அது. மூல உரிமம் உடன் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. மூல உரிமம் காலாவதியானால் அதுவும் அத்தோடு போயிற்று.

அந்தக் கையேட்டின் அட்டையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எந்தச் சர்வதேச சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும்; 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். ஜப்பான் 1949ஆம் ஆண்டு வடிவத்தை மட்டுமே ஏற்கும்; சீனப் பெருநிலத்தில் இரண்டுமே செல்லாது. எனவே நீங்கள் போகும் நாடு எந்த வடிவத்தை ஏற்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இணையத்தில் பத்தாண்டு செல்லும் அனுமதி என்று விற்கிறார்கள். அப்படியொன்றுக்கு எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. அதை வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கையேட்டில் உள்ள ஓராண்டு என்பது அந்தக் கையேட்டின் ஆயுள். குடியேறிய ஒருவர் வெளிநாட்டு உரிமத்தோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்பது வேறு கணக்கு. அதை அந்தந்த நாடுதான் தீர்மானிக்கிறது. இரண்டு உடன்படிக்கைகளுமே வந்துபோகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து தங்கியவருக்குச் சலுகை தர வேண்டிய கடமை எந்த நாட்டுக்கும் இல்லை என்கிறது 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை. 1968ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்னும் வெளிப்படையானது: தங்கள் நாட்டுக்கே இருப்பிடத்தை மாற்றிக்கொண்டவரின் வெளிநாட்டு அனுமதியை ஏற்க வேண்டியதில்லை என்று 41ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது.

அதனால்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உரிமம் பெற்றவர்களை எடுத்துக்கொண்டால், பிரிட்டனில் அங்கு குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம், ஜெர்மனியில் பொதுவாக 6 மாதம் என்பது விதி. ஜப்பானில் வந்திறங்கிய நாளிலிருந்து ஓராண்டு. அங்கே குடியிருப்பாளராகப் பதிவுசெய்தவர் வெளிநாடு சென்று மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்த ஓராண்டு புதிதாகத் தொடங்காது. விடுமுறைக்கு ஊர் சென்று புது அனுமதியோடு திரும்பிவிட்டால் இன்னோர் ஆண்டு ஓட்டலாம் என்று நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். புதுப்பித்தால் போதும் என்ற உங்கள் எண்ணத்துக்கும் இதுவே விடை: கையேடு புதிதாகலாம், ஆனால் குடியேறிய நாள் மாறாது.

ஆகவே உள்ளூர் உரிமம் பெற்றே ஆக வேண்டும். உங்கள் நாட்டோடு உடன்பாடு இருந்தால் தேர்வில்லாமல் மாற்றித் தருவார்கள். இல்லாவிட்டால் எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுத வேண்டும். தேர்வுக்கு நாள் கிடைப்பதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும் நாடுகள் உண்டு என்பதால், இறங்கிய முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நீங்கள் இருவரும் கியர் வண்டியில் பழகியவர்களாக இருந்தால் தேர்வையும் அதிலேயே எழுதுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வெழுதினால் அதற்கு மட்டுமே உரிமம் தரும் நாடுகள் பல.

கடல்கடந்தவர் (பதில்):

உரிமத்தைப் பற்றி நெடுவழி தெளிவாகச் சொல்லிவிட்டார். உரிமமும் காப்பீடும் இரு வேறு விஷயங்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஏறத்தாழ எல்லாக் கார் பாலிசிகளிலும், ஓட்டுபவர் அந்நாட்டுச் சட்டப்படி அந்த வகை வண்டியை ஓட்ட உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கலாம், பாலிசியும் நடப்பில் இருக்கலாம். ஆனால் ஓட்டியவரின் உரிமம் அன்றைக்குச் செல்லாததாக இருந்தால் நிபந்தனை முறிந்துவிடுகிறது. அப்போது பொதுவாக நடப்பது இது: அடிபட்ட மூன்றாம் நபருக்குரிய இழப்பீட்டைச் சட்டக் கட்டாயத்தால் நிறுவனம் கொடுத்துவிட்டு, கொடுத்த தொகையைப் பின்னர் ஓட்டியவரிடமே திரும்பக் கேட்கும், உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு எதுவும் தராது. ஒருவர் மருத்துவமனையில் நெடுங்காலம் இருக்க நேர்ந்தால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பையும் தாண்டிவிடும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அடுத்து, கட்டாயக் காப்பீடு என்ற சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஆஸ்திரேலியாவில் வண்டிப் பதிவோடு சேர்ந்து வரும் கட்டாயக் காப்பீடு ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. அடுத்தவர் காரை இடித்துவிட்டால் அதன் செலவு உங்களுடையது. நியூசிலாந்தில் வாகனக் காப்பீடு கட்டாயமே இல்லை. அங்கே விபத்தில் காயமடைந்தவர்களை, தவறு யாருடையது என்று பாராமல், 1974 முதல் ஓர் அரசு அமைப்பே கவனித்துக்கொள்கிறது; ஆனால் உடைந்த கார்களுக்கு அது பொறுப்பன்று. தென்னாப்பிரிக்காவிலும் எரிபொருள் மீதான வரியிலிருந்து நடத்தப்படும் நிதியம் ஒன்றே காயத்துக்கு ஈடு தருகிறது. சட்டப்படி உள்ள காப்பீடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது யாருக்கு, எந்தச் சேதத்துக்கு என்று கேளுங்கள்.

இனி உங்கள் அலுவலகக் காரைப் பார்ப்போம். சில நாடுகளில் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உரிமையாளர் அனுமதித்த யாரும் ஓட்டலாம். பிரிட்டன் போன்ற இடங்களில் பாலிசியில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே ஓட்ட முடியும் என்பதே பொது வழக்கம். அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சோடு நிறுத்திவிடாமல், பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி, ஓட்டுபவர் யார் என்று குறிப்பிடும் பகுதியை முதலில் படியுங்கள். இத்தனை வயதுக்கு மேல், இத்தனை ஆண்டு அனுபவம் என்ற வரம்புகளும், ஒவ்வொரு விபத்திலும் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதும் அங்கேதான் இருக்கும். உள்ளூர் உரிமம் இன்னும் கிடைக்காதவருக்கு அந்தத் தொகையை உயர்த்தி வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு.

புதுக்குடி:

இருவருக்கும் மிக்க நன்றி. அலுவலகத்திடம் நகலைக் கேட்டுப் பெற்றேன். ஓட்டுபவர் பகுதியில், நிறுவனத்தின் ஒப்புதலோடு ஓட்டும் ஊழியர் என்று மட்டுமே இருக்கிறது. வாழ்க்கைத் துணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மனிதவளப் பிரிவில் கேட்டதற்கு, மற்ற ஊழியர்களின் குடும்பத்தாரும் ஓட்டுகிறார்கள், இதுவரை பிரச்சினை வந்ததில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். இதை ஏற்றுக்கொள்ளலாமா? புறப்படுவதற்கு முன் இங்கிருந்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் ஏதேனும் உண்டா?

கடல்கடந்தவர்:

ஏற்றுக்கொள்ளாதீர்கள். இதுவரை யாரும் விபத்தில் சிக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பதில் காட்டுகிறதே தவிர, காப்பீடு உண்டு என்பதை அன்று. இழப்பீட்டைத் தீர்மானிக்கப்போவது மனிதவளப் பிரிவு இல்லை. காப்பீட்டு நிறுவனமே உங்கள் மனைவியின் பெயரைச் சேர்த்து எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். தன் உரிமம் எந்த நாட்டுடையது என்பதை அவர் மறைக்காமல் தெரிவிக்கவும் வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை அவர் அந்தக் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. ஓரிரு வாரம் பள்ளிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வது சிரமம்தான். ஆனாலும் அதைச் செய்யுங்கள்.

மைல்கல் (பதில்):

ஆவணங்களைப் பற்றி நான் சொல்கிறேன். முதலாவது, இப்போதைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சான்றுக் கடிதம். நோ கிளைம் போனஸ் என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. பாலிசிதாரரின் பெயர், பாலிசி எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், அந்தக் காலத்தில் எத்தனை கோரிக்கைகள் என்ற விவரங்களோடு நிறுவனத்தின் முகப்புத் தாளில் இருக்க வேண்டும். எல்லா நாட்டு நிறுவனங்களும் அதை ஏற்பதில்லை; ஏற்கும் இடத்தில் பிரீமியம் கணிசமாகக் குறையும். அலுவலகக் கார் ஓட்டும் காலத்தில் உங்கள் பெயரில் பாலிசி இருக்காது என்பதையும் கவனியுங்கள். சில ஆண்டு இடைவெளி விழுந்தால் பழைய சான்றைப் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அந்தக் காரை விபத்தின்றி ஓட்டியதற்கான கடிதத்தை, பிற்காலத்தில் வேலை மாறும்போது அலுவலகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, உரிமத்தை முதன்முதலில் பெற்ற நாளைக் காட்டும் சான்று. புதுப்பிக்கப்பட்ட அட்டையில் சில சமயம் புதுப்பித்த நாள் மட்டுமே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இருபதாண்டு ஓட்டியவரையும் புதியவராகக் கணக்கிட்டுவிடுவார்கள். ஜப்பானில் உரிமத்தை மாற்றும்போது, உரிமம் பெற்ற பிறகு அதை வழங்கிய நாட்டில் குறைந்தது மூன்று மாதம் தங்கியிருந்ததையும் நிரூபிக்கச் சொல்கிறார்கள். எனவே பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம்.

மூன்றாவது, உரிமத்தை மாற்றிக்கொள்ளும்போது மூல அட்டையைப் பல நாடுகள் வாங்கிக்கொள்கின்றன. கொடுப்பதற்கு முன் இருபுறமும் தெளிவாக நகல் எடுத்து வையுங்கள். விடுமுறைக்குச் சொந்த நாடு திரும்பும்போது எந்த உரிமத்தோடு ஓட்டுவீர்கள் என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டிய கெடு சில இடங்களில் மிகக் குறுகியது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லை தாண்டிப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கும் தனியே கேட்க வேண்டும். ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய சில நாடுகளிலும், கிரீன் கார்டு என்ற ஏற்பாட்டின்படி, ஒரு நாட்டின் மூன்றாம் தரப்புக் காப்பீடு மற்றொரு நாட்டிலும் ஏற்கப்படுகிறது. சில எல்லைகளில் அந்த அட்டையையே காட்ட வேண்டியிருக்கும். வண்டி அலுவலகத்தின் பெயரில் இருப்பதால், உரிமையாளர் அனுமதித்ததற்கான கடிதமும் தேவைப்படும். கடிதத்தில் வண்டியின் பதிவெண், ஓட்டுபவர்கள் இருவரின் பெயர்கள், செல்லும் நாடுகள், புறப்படும் நாள், திரும்பும் நாள் ஆகிய அனைத்தும் இருக்கும்படி எழுதி வாங்குங்கள்.