ஜூன் விடுமுறைக்கு மூன்று குடும்பமாக மலாக்கா: எதிலிருந்து தொடங்குவது?

செங்காங்வாசி:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மூன்று குடும்பம் சேர்ந்து மலேசியாவின் மலாக்காவுக்குப் போக நினைக்கிறோம், மூன்று இரவு. பெரியவர்கள் ஆறு பேர், சுற்றுப்பயணியாக ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், பிள்ளைகள் ஆறு பேர். எங்கள் வீட்டில் 12 வயது, 6 வயது. மூத்தவள் தொடக்கநிலை 6. இரண்டாவது வீட்டில் 9 வயதுப் பையன், ஒன்றரை வயதுக் குழந்தை. அவர்கள் நிரந்தரவாசிகள், இந்தியக் கடப்பிதழ். மூன்றாவது வீட்டில் 7 வயது இரட்டையர். அவர்கள் சைவம், கார் கிடையாது. மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். என்றைக்கு, எத்தனை மணிக்குக் கிளம்புவது? குழந்தையின் தூக்கமும் மாமியாரின் சாப்பாட்டு நேரமும் தவறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? செலவை எப்படிப் பிரிப்பது?

ஈசூன் ஓட்டுநர்:

ஓட்டல் தேடும் முன் மூத்தவளின் பள்ளிக் கடிதத்தைப் பாருங்கள். தொடக்கநிலை 6 மாணவர்களுக்கு ஜூன் விடுமுறையிலும் கூடுதல் வகுப்பு வைக்கும் பள்ளிகள் நிறைய. அந்த நாள்களையும் துணைப்பாட வகுப்புகளையும் கழித்துவிட்டு மிச்சத்தில் திங்கள் முதல் வியாழன் வரை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை தொடங்கும் வெள்ளி மாலையும் சனி காலையும் வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் கார்கள் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம் என்று குடிநுழைவு ஆணையமே எச்சரிப்பதுண்டு. வார நாள் காலையில் ஜொகூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் எதிர்த்திசையில் வருவார்கள், நமக்கு வழி இருக்கும். மாலையில் அதே கூட்டம் வீடு திரும்பும். அதனால் காலை 5 மணிக்குக் கிளம்புவது நல்லது. திரும்பும்போது மலாக்காவில் காலைச் சாப்பாட்டை முடித்து 9 மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

எல்லையைக் கடக்க இரண்டு சாவடிகள், உட்லண்ட்ஸ், துவாஸ். உட்லண்ட்ஸைவிட துவாஸ் வழி எனக்கு உசிதமாகப் படுகிறது. சாலைக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் ஜொகூர் பாரு நகருக்குள் நுழையாமலே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். மொத்தம் 240 கிலோமீட்டர் அளவு, ஆயர் குரோவில் இறங்க வேண்டும். வழியில் மாச்சாப், பாகோ ஓய்விடங்கள் இருக்கின்றன.

காருக்கு: சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது பெட்ரோல் டாங்கியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். முழுதாக நிரப்பிக்கொண்டால் பல கார்கள் போய்வர அதுவே போதும். அங்கே நிரப்பினால் ரோன் 97 ரகப் பெட்ரோல் மட்டும், ரோன் 95 நம் வண்டிகளுக்குத் தடை. வெளிநாட்டு வண்டிகளுக்கு மலேசியா தரும் நுழைவு அனுமதியான விஇபி ஒட்டுவில்லை 2025 ஜூலை 1 முதல் கட்டாயம், இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். ஒரு காரில் ஒட்டியதைப் பிய்த்து வேறு காரில் ஒட்டினால் செல்லாது. மலேசியச் சாலைக் கட்டணம் கட்டும் டச் என் கோ அட்டையில் பணமிருக்கிறதா, அட்டை காலாவதியாகவில்லையா என்று முதல் நாளே பாருங்கள். எல்லையில் 20 ரிங்கிட் நுழைவுக் கட்டணமும் அதிலிருந்துதான் கழியும்.

மூன்றாவது குடும்பத்தைப் பிரித்து உங்கள் இரண்டு கார்களில் திணிக்காதீர்கள். 13 பேருக்கு இடம் போதாது. போதாததற்கு, 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகள் எல்லாருக்கும் தனிக் குழந்தை இருக்கையோ உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரோ வேண்டும். வாடகைக் கார் எடுப்பதென்றால் மலேசியா போக நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி, விஇபி, காப்புறுதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பேருந்து மலிவு. ஆனால் இரண்டு சோதனைச் சாவடியிலும் எல்லாரும் இறங்கி ஏற வேண்டும், இரட்டையரோடு பெட்டிகளையும் இழுக்க வேண்டும்.

தெம்பனிஸ் கணக்கர்:

ஆவணங்களில் பலர் தவறவிடுவது மாமியார் விஷயம். அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பாருங்கள். ஒருமுறை நுழைவு என்றால் மலாக்கா போனவர் திரும்பி வர முடியாது. நிரந்தரவாசிக் குடும்பத்துக்கு மறுநுழைவு அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். அது காலாவதியாகி வெளியே போனால் நிரந்தரவாசத் தகுதிக்கே ஆபத்து. இந்தியக் கடப்பிதழ் உள்ள எல்லாரும், குழந்தை உட்பட, மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரருக்கு அது தேவையில்லை. திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை மாமியாருக்கு மட்டும். இரண்டுமே இலவசம், பணம் கேட்கும் இணையத்தளம் போலி. கடப்பிதழ் எல்லாருக்கும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில், சாவடியில் கடப்பிதழுக்குப் பதிலாகக் காட்ட, ஒரு காருக்கு ஒரு குழுக் குறியீடு போட்டு வையுங்கள், ஒன்றில் 10 பேர் வரை சேர்க்கலாம்.

இனிப் பணம். தலைக்கு இவ்வளவு என்றால் குழந்தைக்கும் முழுப்பங்கு விழும், குடும்பத்துக்கு இவ்வளவு என்றால் சிறிய குடும்பம் முணுமுணுக்கும். அறை வாடகையை அந்தந்தக் குடும்பமே கட்டட்டும். கார்ச் செலவு அந்தந்தக் காருக்கு. சாப்பாடும் நுழைவுச்சீட்டும் மட்டும் பொதுக்கணக்கு. 12 வயது முதல் ஒரு பங்கு, 3 முதல் 11 வரை அரைப் பங்கு, அதற்குக் கீழே இல்லை. உங்கள் வீட்டுக்கு நாலரை, குழந்தை இருக்கும் வீட்டுக்கு இரண்டரை, இரட்டையர் வீட்டுக்கு மூன்று. மொத்தம் 10 பங்கு. பங்குக்கு 200 ரிங்கிட் என்று வைத்தால் 900, 500, 600, சேர்ந்து 2,000. ஒருவர் கையில் பணம், இன்னொருவர் கையில் கணக்கு. ரசீதை அன்றிரவே படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். கணக்கு முழுவதும் ரிங்கிட்டில் இருக்கட்டும், சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றும்போது பொதுப்பணம் மாற்றிய அன்றைய விகிதம்தான். கடல் உணவு வாங்கினால் அந்த ரசீதைச் சைவக் குடும்பத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரே பங்களாவை எடுப்பதைவிட ஒரே கட்டடத்தில் தனித்தனி அறைகள், அதுவும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவை, மேல். பாலர் பள்ளியில் கை கால் வாய்ப் புண் நோய் வந்தால் அந்தக் குடும்பம் வர முடியாது, வரவும் கூடாது. பங்களா என்றால் அவர்கள் பங்கு மற்ற இருவர் தலையில் விழும்.

ஜூரோங் அம்மா:

குழந்தையின் நேரத்தைத்தான் மற்றவர்கள் அனுசரிக்க வேண்டும். காலை 5 மணிக்குத் தூக்கத்திலேயே இருக்கையில் வைத்துவிடுங்கள். சாவடிக்குள் நுழையும் முன் பால், டயப்பர் இரண்டையும் முடித்துவிட வேண்டும், உள்ளே வண்டியை ஓரங்கட்ட முடியாது. மலாக்காவில் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், 1 மணி முதல் 4 மணி வரை அறை. வெயிலும் அந்த நேரத்தில்தான் சுடும். ஒரு காலை ஆயர் குரோ விலங்குத் தோட்டம், ஒரு மாலை ஆற்றுப் படகு. ஜாலான் துக்காங் எமாஸில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது, பள்ளிவாசலும் சீனக் கோயிலும் நடந்துபோகும் தூரத்திலேயே. செயின்ட் பால் குன்றில் படிகள் அதிகம், மாமியாரைக் கீழே பழைய கோட்டையான அ ஃபமோசாவின் வாசலில் நிழலில் உட்கார வையுங்கள். ஜோங்கர் இரவுச்சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். திங்கள் முதல் வியாழன் போனால் கிடைக்காது, தள்ளுவண்டியோடு அந்த நெரிசலில் போவதற்கு அது நல்லதே.

இன்சுலினுக்கு: திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் குளிர்பெட்டியில் வையுங்கள். பனிப்பொதியில் நேராகப் படக்கூடாது, துணி சுற்றுங்கள். உறைந்துவிட்டால் கரைந்தபின் பார்வைக்கு நன்றாகவே தெரிந்தாலும் பயன்படுத்தக்கூடாது. இப்போது போட்டுக்கொள்ளும் பேனாவைக் கைப்பையில் வைக்கலாம், ஆனால் நிறுத்திய காரில் விடாதீர்கள். மருத்துவரின் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். ஊசி போட்டுவிட்டு வரிசையில் மாட்டிக்கொண்டால் சர்க்கரை இறங்கிவிடும். வண்டி சாவடியைத் தாண்டி, சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி. அதுவரை பிஸ்கட்டும் ஒரு பழச்சாறுப் பொட்டலமும் அவர் மடியிலேயே இருக்கட்டும்.

வழிச்சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி இட்லிதான், சைவக் குடும்பத்துக்கும் ஆகும். இட்லியைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த பொடியை இருபுறமும் தடவி அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி இறங்கி, மாச்சாப் போவதற்குள் அடி இட்லி கொழகொழத்துவிடும். பிள்ளைகளுக்குப் பொடி இல்லாமல் நெய் தடவியது தனி டப்பாவில். தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும்.

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. விசாவைப் பார்த்தேன், பலமுறை நுழைவுதான். ஒன்று மட்டும்: 5 மணிக்குக் கிளம்பினால் அறை கிடைக்க மதியம் ஆகுமே, குழந்தையின் மதியத் தூக்கத்துக்கு என்ன செய்வது?

ஜூரோங் அம்மா:

பல ஓட்டல்களில் 2, 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். முன்பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கும் வீட்டின் ஓர் அறைக்கு மட்டும் முன்கூட்டியே நுழையக் கேளுங்கள். மறுத்தால் பாகோவில் ஒரு மணி நேரம் நின்று, விலங்குத் தோட்டத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆயர் குரோவில்தான், நகருக்குப் போகும் வழி. குழந்தை தள்ளுவண்டியிலேயே தூங்கிவிடும்.