சளி என்று நினைத்த சத்தம்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தாய்:

ஆவணியில் பிறந்த எங்கள் மகனுக்கு மூன்றாம் வாரத்திலிருந்தே மூச்சில் ஒரு கரகரப்பு இருந்தது. மாமியார் அதைக் கணை என்றார். கற்பூரவல்லிச் சாறும் கொடுத்துப் பார்த்தோம். நாங்கள் காட்டிய மருத்துவமனையில் வீசிங் என்று சொல்லி ஐந்து முறை நெபுலைசர் வைத்தார்கள். குறுவை அறுவடைத் தூசிதான் காரணம் என்றார்கள். தூசியே இல்லாத ஐப்பசி அடைமழையிலும் சத்தம் குறையவில்லையே என்று நான் கேட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பால் குடிக்கும்போது இரண்டு மடக்குக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவான். ஏழாம் மாதத்தில் இட்லியைப் பாலில் குழைத்து ஊட்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: சுண்டைக்காய் அளவுகூட இறங்காமல், கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முகம் கறுத்து, நாய் குரைப்பதுபோல் இருமினான். தஞ்சாவூரில் வேறொரு குழந்தை மருத்துவர், நான் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த ஒலியைக் கேட்டுவிட்டு, "வீசிங் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும், இது இழுக்கும்போதும் கேட்கிறதே" என்றார். பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உணவுக்குழல் இருபுறமும் அழுந்தியிருந்தது. இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவு ஒன்றுக்கு இரண்டாக இருக்கும் 'இரட்டைப் பெருந்தமனி வளைவு' என்று உறுதியாயிற்று.

கருவில் இருபுறமும் தோன்றும் வளைவுகளில் வலப்பக்கத்தது மறைந்து இடப்பக்கத்தது நிலைப்பதே இயல்பு. இவனுக்கு இரண்டுமே நிலைத்துவிட்டன. "முக்கொம்பில் பிரிகிற ஆறு ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போவதுபோல" என்று சென்னையில் அறுவை மருத்துவர் என் கணவருக்கு விளக்கினார். (ஆறு தீவை நெரிப்பதில்லை, இந்த வளையமோ மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் சேர்த்து நெரித்தது.) 1945இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலில் செய்ததுபோல, இரண்டில் சிறியதான இடப்பக்க வளைவைத் துண்டித்தார்கள். இதயத்தை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. மறுநாளே சத்தம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்தோம். பல மாதம் அழுந்திக் கிடந்த மூச்சுக்குழலின் குருத்தெலும்பு உறுதிப்பட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

திருவாரூரிலிருந்து ஓர் ஆசிரியர்:

அம்மா, எனக்கும் இதே வளைவில்தான் கோளாறு. ஆனால் ஐம்பத்திரண்டாம் வயதில்தான் தெரியவந்தது. வலக்கைக்குப் போகும் தமனி வளைவின் முதல் கிளையிலிருந்து பிரியாமல், கடைசிக் கிளையாகத் தனியே புறப்பட்டு உணவுக்குழலுக்குப் பின்னால் குறுக்கே செல்கிறது. நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் இந்த அமைப்பு பெரும்பாலோருக்குத் தொல்லையே தருவதில்லை. 1794இல் லண்டனில் பேஃபோர்ட் என்ற மருத்துவர் இதனால் விழுங்கச் சிரமப்படுவதைப் பற்றி எழுதி, இயற்கையின் விளையாட்டு என்ற பொருளில் லத்தீனில் பெயரிட்டிருக்கிறார்; விளையாட்டு என்பது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. அறுவை தேவையில்லை என்று முடிவானதால், கல்யாணப் பந்தியில் வடையை நான்காகப் பிட்டு, துண்டுக்கு ஒரு மிடறு ரசம் குடித்து இறக்குகிறேன். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு வந்த பிறகும் நான் சாம்பாரில்தான் இருப்பேன்.