ஒடுக்கமா, தாழ்த்தலா?

குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை வகுப்புக்கான வேதியியல் குறிப்பு நாளை அச்சுக்குப் போகவேண்டும். ரிடக்‌ஷன் (reduction) என்ற சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது என்பதில் நிற்கிறேன்; ஒரு பொருள் ஆக்சிஜனை இழப்பதையோ எலக்ட்ரானைப் பெறுவதையோ குறிக்கும் சொல் அது. நம் பாடநூல் ‘ஒடுக்கம்’ என்கிறது. கறுப்புத் தாமிர ஆக்சைடைச் சூடாக்கி ஹைட்ரஜனைச் செலுத்தினால் மெல்லச் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும், குழாயின் வாயில் நீர்த்துளி கட்டும். ஆக்சிஜன் போயிற்று, ஒடுக்கம், சரி. அப்புறம் எலக்ட்ரான் பாடம். “எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது எப்படி மிஸ் ஒடுக்கம் ஆகும்?” என்று ஒரு பெண் கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை.

*

அம்மா, ஆங்கிலச் சொல்லைக் ‘குறைத்தல்’ என்றே எண்ணுவதால் வரும் குழப்பம் இது. அதன் லத்தீன் மூலத்துக்குத் ‘திரும்ப அழைத்துவருதல்’ என்று பொருள். தாதுவிலிருந்து உலோகத்தை மீட்பதற்கு வைத்த பெயர். ஒடுக்கம் அதற்குப் பொருந்தும்: “ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.” முட்டப்போகும் கடா பின்வாங்குகிறதே, அதுதான் ஒடுக்கம். அளவு குறைவதற்கு இலக்கணத்தில் ‘குறுக்கம்’ உண்டு; மகரக்குறுக்கத்தில் அரை மாத்திரை கால் ஆகும். ஐகாரக்குறுக்கம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

*

ஐயா, குறள் அழகு. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை கடாவைப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரானுக்கு வந்து சேருமா? இலங்கையில் நாங்கள் படித்தது ‘தாழ்த்தல்’. இலத்திரனின் (எலக்ட்ரானின்) ஏற்றம் மறை, அதாவது நெகட்டிவ். அது சேரச் சேர ஒட்சியேற்ற எண் (நீங்கள் சொல்லும் ஆக்சிஜனேற்ற எண், அணு எத்தனை இலத்திரனை இழந்தது என்ற கணக்கு) தாழத்தானே செய்யும்? இரும்பு ஒட்சைட்டு உலோகமாக மாறும்போது இரும்பு +3 இலிருந்து 0 க்கு வருகிறது. வேறு விளக்கமே வேண்டாம்.

*

தாழ்த்தலில் இழித்தல் என்ற பொருளும் தொனிக்கிறதே, தம்பி.

*

ஒடுக்குமுறை என்ற சொல்லில் மட்டும் தொனிக்கவில்லையா, ஐயா?

*

இருவருக்கும் நன்றி. தேர்வில் பிள்ளைகள் ‘ஒடுக்கம்’ என்றுதான் எழுதவேண்டும், அதனால் அதையே வைக்கிறேன். ஆனால் ‘ஆக்சிஜனேற்ற எண் தாழ்கிறது’ என்ற வரியை முதலில் போடுகிறேன். ஹைட்ரஜன் ஒடுக்குகிறது, தாமிர ஆக்சைடு ஒடுங்குகிறது என்று பிறவினை, தன்வினையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கப்போகிறேன். அங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

*

அடைப்புக்குறிக்குள்ளாவது ‘தாழ்த்தல்’ என்று போடுங்கள், அக்கா. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.