ஆப்பிள் சைடரைக் கொதிக்க விடலாமா?

மிச்சிகன்வாசி:
சனிக்கிழமை ஆப்பிள் தோட்டத்துக்குப் போய் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) சைடர் வாங்கி வந்தோம். இங்கிலாந்தில் சைடர் என்றால் மது, இங்கே அமெரிக்காவில் வடிகட்டாத, புளிக்காத, கலங்கலான ஆப்பிள் சாறு, அதைத்தான் சொல்கிறேன். அதில் பாதியை எடுத்து, ஊரில் அம்மா சுக்குக் காப்பி போடுவது போல, பட்டைத்தூள், கிராம்புத்தூள், ஒரு கப் சர்க்கரை எல்லாம் போட்டு அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்தேன். அடியில் சேறு மாதிரி தங்கிவிட்டது. பிள்ளைகள் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. என்ன தப்பு?

இஞ்சிப்பூ:
தூள் போட்டதுதான் முதல் தப்பு. பட்டைத்தூள் கரையாது, சூட்டில் ஊறி வழுவழுவென்று ஆகிவிடும். முழுசாகப் போடுங்கள். அரை கேலனுக்கு 2 துண்டு பட்டை, 5 கிராம்பு, 1 அன்னாசிப்பூ, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் (உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி சேராமல் சீவுங்கள், அது கசக்கும்). சர்க்கரை எதற்கு, சாறே இனிப்புதானே? தீயைக் குறைத்து 25 நிமிடம், ஆவி வரலாம், கொதி வரக் கூடாது. கொதித்தால் ஆப்பிள் மணம் ஆவியோடு போய்விடும், வீடுதான் மணக்கும். முடிந்ததும் கிராம்பை எடுத்துவிடுங்கள், ஊற ஊறக் காரமும் கசப்பும் ஏறும்.

கல்லடுப்பு:
கொதிக்கக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும்படி சூடாக்கிய சாறா என்று முதலில் கேட்டீர்களா? 1996இல் பாஸ்டரைஸ் செய்யாத ஆப்பிள் சாற்றால் ஈ.கோலை என்ற கிருமி பரவி ஒரு குழந்தையே இறந்தது, அதற்குப் பிறகுதான் 1998இல் பாட்டிலில் எச்சரிக்கை லேபிள் கட்டாயமானது. தோட்டத்தில் கோப்பையில் ஊற்றி விற்பதற்கு அந்த லேபிள்கூடத் தேவையில்லை. என் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. மணம் போனால் போகட்டும்.

இஞ்சிப்பூ:
குழந்தை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கிருமி சாக 100 டிகிரி வேண்டாமே, 71 டிகிரி செல்சியஸ் தாண்டினால் போதும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லடுப்பு:
எத்தனை வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறது? சாற்றை மட்டும் ஒரு கொதி விட்டு இறக்கி, அப்புறம் மசாலாவைப் போட்டு மூடி வைக்கலாம். மசாலா மணமாவது மிஞ்சும். இதைவிட நான் இறங்கி வர மாட்டேன்.

கறுவாக்காடு:
நான் டொராண்டோ, பிறந்தது இலங்கை. நீங்கள் எல்லாரும் பட்டை என்று சொல்வது பெரும்பாலும் காசியாவாக இருக்கும், தடித்த ஒற்றைச் சுருள், கையால் உடைக்க முடியாது. எங்கட கறுவா மெல்லிய தாள் மாதிரிப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அளவுக்கு மீறினால் ஈரலுக்குக் கூடாது. குளிர்காலம் முழுக்க நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீட்டில் கறுவாதான் நல்லது.

கல்லடுப்பு:
கறுவா மென்மையானது, ஆப்பிள் புளிப்புக்கு முன்னால் அடங்கிப்போகும். வாரத்தில் ஒரு நாள் குடிக்கிற எங்களுக்குக் காசியாவின் உறைப்புதான் பிடிக்கிறது.

மிச்சிகன்வாசி:
லேபிளைப் பார்த்தேன், பாஸ்டரைஸ் செய்தது என்றே போட்டிருக்கிறது. அதனால் மீதி அரை கேலனை இன்று இரவு இஞ்சிப்பூ சொன்னபடி வைக்கிறேன். என்னிடம் பெரிய பாத்திரம் அலுமினியத்தில்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

இஞ்சிப்பூ:
வேண்டாம், புளிப்புக்கு அலுமினியம் ஆகாது. எவர்சில்வரில் வையுங்கள், சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாக.