ஹோனிங் போட்ட போர் (இன்ஜின் சிலிண்டரின் உள்துளை): உங்களிடம் வந்த ஆட்கள் எப்படி?

அம்பத்தூர் ஆபரேட்டர்:
இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் கடையில் ஹோனிங் மெஷின் பார்க்கிறேன், அதாவது போரின் உள்சுவரைக் கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் மெஷின். வார்ப்பிரும்பு லைனர்கள்தான் (சிலிண்டருக்குள் போடும் குழாய்) அதிகம். போன வாரம் ஒருவர், "என்ன தம்பி, உள்ளே இவ்வளவு கோடு? கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும்" என்று சண்டைக்கே வந்துவிட்டார். கல் சுற்றிக்கொண்டே ஏறி இறங்குவதால் விழும் கோடு அது. இரண்டு வேகத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் கோணமே அமையும். அந்தப் பள்ளங்களில்தான் எண்ணெய் நிற்கும். கோடே இல்லாமல் வழுவழுப்பாக்கினால் பிஸ்டன் ரிங் சரியாகப் படியாது, வண்டி எண்ணெய் குடிக்கும். கடைசியில் நயமான கல்லைப் போட்டு மேல்முனைகளை மட்டும் சீவிவிடுகிறோம், பள்ளத்தைத் தொடுவதில்லை. இதெல்லாம் சொன்னேன். அரைமனதோடுதான் எடுத்துப்போனார்.

ரீபோர் கடை, புதுப்பேட்டை:
எனக்கு வந்தவர் வேறு ரகம். கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், அப்புறம் பெட்ரோலில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்துவிட்டு, "இன்ஜினைப் பூட்டிடலாம்ணே" என்றார். விடவில்லை. பெட்ரோல் எண்ணெயைத்தான் கரைக்கும், கல்தூள் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது ரிங்கை அரைத்துத் தின்றுவிடும். வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை தேய்க்க வேண்டும். காய்ந்ததும் உடனே எண்ணெய் பூசிவிடுங்கள். நம்ம ஊர்க் காற்றுக்கு டீ குடித்துவிட்டு வருவதற்குள் செம்பழுப்பு ஏறிவிடும்.

கேஜ் ரூம், திருமுடிவாக்கம்:
நான் அளவு பார்க்கிற ஆள், என் பிரச்சினை சூடு. மே மாதத் தகரக் கொட்டகை, ஹோனிங் முடிந்து ஜாப் (வேலை செய்த பொருள்) இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்விட்டம் பார்க்கும் டயலை விட்டுப் பார்த்து "ஓகே" என்று அனுப்பிவிடுவார்கள். ஏசி அறைக்கு வந்து ஆறினால் போர் சின்னதாகிவிடும். 100 மி.மீ. வார்ப்பிரும்பு போர் 10 டிகிரி ஆறினாலே சுமார் 10 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு) குறையும். டாலரன்ஸே, அதாவது அளவில் விடும் வித்தியாசமே அவ்வளவுதான் என்றால் என்ன செய்வது? அளவுக்கு அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி என்று சுவரில் ஒட்டியும் பயனில்லை. இப்போது மாஸ்டர் ரிங்கையும் (டயலைச் சரிபார்க்கும் அளவு வளையம்) ஜாப்பையும் ஒரே மேஜையில் ஆறவிட்ட பிறகுதான் அளவு எடுக்கிறோம். புரொடக்‌ஷன்காரர்களுக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

அம்பத்தூர் ஆபரேட்டர்:
புதுப்பேட்டை அண்ணே, சோப்பு என்றால் எது? தனியாக வாங்க வேண்டுமா?

ரீபோர் கடை, புதுப்பேட்டை:
துணி துவைக்கிற தூளே போதும் தம்பி. தண்ணீர்தான் நல்ல சூடாக இருக்கணும்.