ஒட்டலா, ஊன்றலா?

நண்பர்களே,

சொரியாசிஸ் போன்ற தோல் நோயில் வெள்ளையணுக்கள் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் சிறுமூலக்கூறு (அளவில் சிறிய வேதிப்பொருள்) மருந்துகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் வந்த 'ஒட்டுதல் எதிர்ப்பு மருந்து' எனக்கு ஒத்துவரவில்லை. வயிற்றில் அறுவை செய்தபின் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் ஒட்டுதல்தான், அதைத் தடுக்கவும் பொருள்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் பாடு திண்டாட்டம். 'பற்று' என்று போகலாமா என்றால், தோல் நோய் என்று சொல்லிவிட்டுப் பற்று என்றதும் எனக்கு அம்மா அரைத்துப் போடும் பத்துதான் நினைவுக்கு வருகிறது. 'தொற்றல்' இன்னும் மோசம். ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்வது போல வெள்ளையணு தொற்றுகிறது என்பது நல்ல படம்தான், ஆனால் சொரியாசிஸ் தொட்டால் ஒட்டும் என்று நம்புகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அழற்சி வந்த தோலில் நுண் இரத்தக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற புரதம் தலைகாட்டுகிறது. இரத்தத்தில் போகிற டி செல் என்ற வகை வெள்ளையணு அதில் உரசி உரசி, வேகம் குறைந்து, சுவரோரமாக உருள்கிறது. அப்புறம் செல்லின் மேலிருக்கும் எல்எஃப்ஏ-1 என்ற இன்டெக்ரின் (பிடித்துக்கொள்ள உதவும் புரதம்) மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து, சுவரிலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடிக்க, செல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் சுவரைக் கடந்து தோலுக்குள் போவது. ஆக உருளல், ஊன்றல், நுழைதல்.

மருந்துகளும் இப்படித்தான் பிரிகின்றன. பைமோசியாமோஸ் என்ற சிறுமூலக்கூறு செலக்டின்களைத் தடுப்பது, சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். அது உருளல் தடுப்பான். லிஃபிடெகிராஸ்ட் எல்எஃப்ஏ-1 பிடியைத் தடுக்கும் சிறுமூலக்கூறு. 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது, ஆனால் தோலுக்கு இல்லை, கண் உலர்வுக்குச் சொட்டு மருந்தாக. இது ஊன்றல் தடுப்பான். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'ஒட்டல் தடுப்பான்' இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயருக்கு முன்னால் வரும் 'சிறுமூலக்கூறு' என்ற முன்னொட்டை நீளம் கருதி நீங்கள் வெட்டச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எஃபாலிசுமாப் என்ற மருந்தும் எல்எஃப்ஏ-1ஐத்தான் தடுத்தது, 2003இல் சொரியாசிஸுக்கே ஒப்புதல் பெற்றது. மூளையைத் தாக்கும் ஓர் அரிய வைரஸ் நோய் சிலருக்கு வந்ததால் 2009இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அது எதிர்ப்பான் (ஆன்டிபாடி) என்ற பெரிய புரதம், ஊசியாகப் போடுவது, போட்டால் உடம்பில் பல நாள் தங்கும். மாத்திரையாகவோ களிம்பாகவோ தரக்கூடிய, நிறுத்தினால் சீக்கிரம் வெளியேறக்கூடிய ஒன்றைத் தேடுவதே இந்தச் சிறுமூலக்கூறுக்காரர்களின் வேலை, அதைப் பெயரில் மறைத்தால் எப்படி?

இன்னொன்று, இலங்கை நண்பர்கள் செல்லைக் கலம் என்பார்கள். 'ஊன்றல் தடுப்பான்' என்பதில் செல்லும் இல்லை கலமும் இல்லை, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.