மறு: வட்டுகளுக்குப் பெயர் – குளமா, திரளா?

அன்புள்ள குழுவினருக்கு,

செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள், கணினி வட்டுச் சேமிப்பில் வரும் பூல், பிசிக்கல் வால்யூம், டிவைஸ் நேம் என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும்.

> பூல் என்றால் குளம்தானே? ‘சேமக்குளம்’ மாணவருக்கு உடனே விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் தவறாக விளங்கும். நீர்நிலையான பூல் வேறு. பலர் போட்டுச் சேர்க்கும் பொதுத்தொகையான பூல் வேறு. பின்னது பிரெஞ்சு மொழியில் பெட்டைக்கோழியைக் குறித்து, பிறகு பந்தயத்தொகைக்கு ஆகிவந்த சொல். வட்டுச் சேமிப்பை ஆளும் மென்பொருளான இசட்எஃப்எஸ் செய்வதும் இதைத்தான்: தனித்தனி வட்டுகளின் இடத்தை ஒன்றுதிரட்டுகிறது, கோப்பு முறைமைகள் எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. ஆகவே ‘திரள்’. திரட்டு, திரண்டது என்று வினையும் கூடவே கிடைக்கிறது. பூலுக்குக் குதிர், பத்தாயம் என்று தானியக் கலங்களாக வந்த பட்டியலை மிக விரும்பிப் படித்தேன். ஆனால் குதிர் ஒரே கலம், பல கலங்கள் சேர்ந்தது அன்று.

> பிசிக்கல் வால்யூமில் ‘பிசிக்கல்’ என்பதற்கு வந்த ‘பௌதிகம்’ வடசொல். ‘பருநிலைத் தொகுதி’ என்க.

வடசொல், தென்சொல் வழக்குக்கு முன்பே இதில் பொருட்குற்றம் இருக்கிறது. வட்டுகளின் இடத்தைச் சேர்த்துப் பகுத்து ஆளும் லினக்ஸ் முறையான எல்விஎம்மில் பிசிக்கல் வால்யூம் ஆவதற்கு முழு வட்டு வேண்டியதில்லை. வட்டின் ஒரு பிரிவு போதும். பல வட்டுகளை ஒன்றாக இணைத்த மென்பொருள் ரெய்டு அணியும் போதும். ‘பரு’ என்றதும் கையால் தொடும் பொருள் நினைவுக்கு வரும். அடியில் இருந்து தாங்குவதே அதன் வேலை என்பதால் ‘அடித்தொகுதி’ என்கிறேன்.

மூன்றாவதில்தான் என் கவலை எல்லாம். ‘சாதனப் பெயர்’ என்ற ஒரே சொல் இருவேறு பெயர்களை மூடி மறைக்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை, இயங்குதளத்தின் கருவான கர்னல், வட்டுகளைக் கண்டறிந்த வரிசையில் இடுபவை. கணினியை மீண்டும் இயக்கினால் மாறலாம். இன்னொரு வகையில் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் எல்லாம் இருக்கும். வட்டின் மேல் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நன்னூலார் வழியில் முன்னது இடுகுறி, பின்னது காரணப்பெயர்.

திரளோ இரண்டையும் நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு வட்டிலும் தலைப்பக்கம் 2, கடைசியில் 2 என 4 முகப்புகளை (லேபிள்), தலா 256 கிலோபைட் அளவில் எழுதி, அவற்றில் உள்ள எண்ணைக் கொண்டே தன் உறுப்புகளை அறிகிறது. ஒரு வட்டு காணாமற்போனால் நிலை அறிக்கையில் அந்த நீண்ட எண்ணும், பக்கத்தில் ‘முன்பு எஸ்டிசி’ என்ற குறிப்பும் வரும். அந்த ‘முன்பு’ என்பதைக் கவனிக்காத மாணவர், இன்று எஸ்டிசி என்ற பெயரில் இருக்கும் நல்ல வட்டை உருவிவிடுவார். அதனால் இரண்டு சொற்களும் தேவை: ‘இடுபெயர்’, ‘அடையாளப்பெயர்’. இடுபெயருக்கு ‘வரிசைப்பெயர்’ என்று நம் குழுவின் அம்மையார் முன்மொழிந்தது வரிசை எண்ணோடு குழம்பும்.

மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

---

ஐயா, திரளுக்குப் பெரும்பாலோர் இசைந்துவிட்டார்கள்; நானும் இசைகிறேன். இடுபெயரும் நன்று. அடித்தொகுதியை மட்டும் ஏற்க மாட்டேன். இந்த மாணவர் வேலைக்குப் போனதும் தட்டச்சிடப்போகும் கட்டளை ‘பிவிகிரியேட்’. அந்தப் ‘பிவி’ எதன் சுருக்கம் என்பதை நம் கையேடு அவருக்குச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? பிசிக்கல் வால்யூம் என்றே அச்சிடுங்கள். அடித்தொகுதியைச் சொல்லடைவில் சேர்த்துக்கொள்ளலாம்.